தளிரின் தேங்காய்நார்க் கொண்டை

ஒரு காட்டில் செல்போன் டவர் வந்த வருடம், தளிர் என்ற கொண்டைக்குருவிக்குப் பதினாறு வயது. எதிர்க்கிளைக்காரியை நினைத்து, 'நீ பார்த்தா கொண்டை சிலிர்க்குது' என்று தானே எழுதி, தானே மெட்டுப்போட்டுப் பாடியது. ஒரே வாரத்தில் காடு முழுக்க அதுதான் ரிங்டோன். மான்குட்டிகள் மயங்கி விழுந்தன. முயல்குட்டிகள் தளிரின் ஒற்றை இறகுக்காக டோக்கன் வாங்கி வரிசையில் நின்றன.

நாற்பது வருடம் ஓடியது. தளிர் எதிர்க்கிளைக்காரியையே கட்டிக்கொண்டு, பேரன் பேத்தியும் பார்த்துவிட்டது. முந்நூறு பாட்டு எழுதியது. கொண்டைதான் கொட்டிவிட்டது. ஆனால் எந்த மேடையில் ஏறினாலும், "கொண்டை! கொண்டை!" என்ற கத்தல்தான். மேனேஜர் நரி தேங்காய்நாரில் ஒரு கொண்டை செய்து ஒட்டிவிடும்.

போன தை மாதம் தளிரின் மனைவி இறந்துபோனது. அதற்காகத் தளிர் ஒரு பாட்டு எழுதியது: 'ரெண்டு பேர் கூட்டுல ஒருத்தருக்குக் குளிருது.'

"இன்னிக்கு மேடையில இதைத்தான் பாடப்போறேன்," என்றது நரியிடம்.

"பாட்டு பிரமாதம்ணே. வேண்டாம்ணே," என்றது நரி.

தளிர் கேட்கவில்லை. நாரைப் பிய்த்து எறிந்துவிட்டு, வழுக்கைத் தலையோடு பாடியது. கூட்டத்தில் சத்தமே இல்லை. முன்வரிசையில் ஒரு முயல் மட்டும் விம்மி விம்மி அழுதது. தளிருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இறங்கிப்போய், "பாட்டு அவ்வளவு பிடிச்சுதாம்மா?" என்று கேட்டது.

"பாட்டை யாரு கவனிச்சா? உங்களுக்கு வயசாயிடுச்சுன்னா எனக்கும் ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம்! நல்லா இருப்பீங்களா நீங்க?"

தளிர் மேடையேறி, நாரைத் தேடி ஒட்டிக்கொண்டு, கொண்டைப் பாட்டை ஆரம்பித்தது. முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசிலடித்தது.

ஆனாலும் மனைவிக்கு எழுதிய பாட்டு யார் காதிலும் விழாமல் போவதில் தளிருக்கு மனம் ஒப்பவில்லை. பதினாறு வயது மைனா யாழினியை அழைத்து, "நீ பாடுறியாம்மா?" என்று கேட்டது.

யாழினி பாடியது. காடே அழுதது. அதே முயல் ரசிகர் மன்றக் குரூப்பில் அந்தப் பாட்டைப் போட்டு, "இந்த வயசுல என்ன பக்குவம்! தளிர் சார், நீங்களும் இப்படி ஒண்ணு எழுதலாமே?" என்று கேட்டிருந்தது.

தளிர் பாட்டை மூன்று தடவை கேட்டது. பிறகு, "முயற்சி பண்றேம்மா," என்று பதில் போட்டது.

நீதி: இளமையைக் கிழவர் பாட வேண்டும், முதுமையைச் சிறுசுகள் பாட வேண்டும். மாற்றிப் பாடினால் கலை வரும், கூட்டம் வராது.