டெங்குவை மோப்பம் பிடித்த கோல்

சுவா நகரின் பெரிய ஓட்டலில் அன்று கூட்டம் அலைமோதியது. டெங்குக் காய்ச்சலுக்குப் பொதுவான கொள்கை வகுக்க ஆறு தீவு நாடுகள் கூடியிருந்தன. கொள்கையைப் படிக்க யாருக்கு நேரம்? எல்லோர் கண்ணும் பேராசிரியர் கார்வினின் செம்புக் கோல் மீதுதான். பேராசிரியர் பட்டத்தை அவரே தமக்குச் சூட்டிக்கொண்டார். படிக்கிற செலவு மிச்சம்.

மூடிய சட்டிக்குள் கொசுப்புழு இருந்தாலும் கோல் அந்தப் பக்கம் தானே சாயுமாம். நேற்று, தாமே கொண்டுவந்த சட்டிகளில் அதைக் காட்டியும் விட்டார். கொசுவையே முளையில் பிடித்துவிட்டால் பிறகு ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் எதற்கு? அவற்றை மூடிவிட்டுக் கோல் வாங்கலாம் என்று வரைவில் எழுதியாகிவிட்டது.

ஒரு தீவின் சார்பில் வந்திருந்த டாக்டர் தெவிலா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அவள் தீவில் இருப்பதே ஒரு கூடம். அது வருவதற்கு முன், டெங்கு என்று தெரியாமலே அவள் வார்டில் இரண்டு குழந்தைகள் இறந்துபோயின.

ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று பக்கத்துத் தீவுக்காரரைக் கேட்டாள். அடுத்த தீவு ஒப்புக்கொண்டதாகக் கார்வின் சொன்னாராம். அடுத்த தீவுக்காரரைக் கேட்டாள். முதல் தீவுக்காரர் ஒப்புக்கொண்டதாகக் கார்வின் இவரிடம் சொன்னாராம். ஒருவர் விருந்தாகக் கொடுத்த கவா என்னும் வேர்ப்பானத்தைக் குடித்துக் கைதட்டிவிட்டு, அவரையே எதிர்த்துப் பேசுவது இங்கே மரியாதையில்லை. கார்வின் முதல் நாளே எல்லோருக்கும் கவா ஊற்றிவிட்டார். பிழைக்கத் தெரிந்தவர்.

தெவிலாவும் எதிர்க்கவில்லை. எழுந்து கூட்டத் தலைவர் வில்லிகேசாவிடம் பணிவாகக் கேட்டாள்.

"ஐயா, விருந்தாளிக்கு ஒரு பெருமை செய்யணும். ஆறு சட்டியில தண்ணி வச்சு மூடுவோம். ஒண்ணுல மட்டும் புழு. எதுலன்னு இங்க யாருக்கும் தெரிய வேண்டாம். பேராசிரியர் காட்டட்டும்."

மரியாதை இப்போது அவள் பக்கம். தலைவர் தலையசைத்தார். ஓட்டல் சமையல்காரர் சட்டிகளை மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனார்.

கோல் மூன்றாவது சட்டியின் பக்கம் சாய்ந்தது. திறந்தார்கள். தெளிந்த தண்ணீர். அடுத்து ஐந்தாவதன் பக்கம் சாய்ந்தது. அதிலும் தண்ணீர்தான்.

கார்வின் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்பிக்கை இல்லாதவங்க பக்கத்துல இருந்தா கோல் குழம்பும்."

"நேத்தும் நான் இங்கதானே இருந்தேன்? நீங்க கொண்டுவந்த சட்டியில மட்டும் அது குழம்பலையே," என்றாள் தெவிலா.

வில்லிகேசா மீதிச் சட்டிகளைத் திறந்தார். முதல் சட்டியிலேயே புழுக்கள் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தன. அவர் வரைவை இழுத்து, அதில் கோல் பற்றிய வரியை அடித்துவிட்டுப் பரிசோதனைக் கூடங்களைத் திரும்ப எழுதினார்.

"இத்தனை பேர் எப்படிம்மா ஏமாந்தோம்?"

"அவங்க நம்பினாங்கன்னு இவங்க, இவங்க நம்பினாங்கன்னு அவங்க. கொசுதான் யாரையும் கேக்காம கடிக்குது, ஐயா."

ஆறு நாடுகள் சேர்ந்து தலையாட்டுவது ஒற்றுமைதான். ஆட்டுவதற்கு முன் அந்தத் தலையைக் கொஞ்சம் பயன்படுத்தினால் என்ன குறைந்துவிடும்?