பத்து ஆள் உயர அருவி

என் மனைவி புஷ்பவள்ளி டோபா ஏரி பார்க்க வேண்டும் என்று சொன்ன காலையில் நான் ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். உயிரே போனாலும் விமானத்தில் ஏறுவதில்லை.

முடிவு பெரியது. வெளியே சொல்லத்தான் முடியாது. முப்பத்தோரு வருஷம் செம்பனைக் குலை ஏற்றி லாரி ஓட்டியவன் நான். புக்கிட் புத்துஸ் மலைப்பாதை வளைவுகளை ஒற்றைக் கையால் திருப்பிய வீரன் என்று எங்கள் ஊர் லுக்குட் முழுக்க எனக்குப் பெயர் உண்டு. பெயரைப் பரப்பியவனும் நானே. அப்படிப்பட்ட ஹேமநாதனுக்கு ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே முட்டி ஆடும் என்பதை யாரிடம் சொல்வது?

"டோபாவா? துணி துவைக்கவா போற? லோபாக்ல நாலு டோபி கடை இருக்கே."

"சிரிச்சிட்டேன். இப்ப கேளுங்க. பக்கத்து வீட்டு விமலா அக்கா ஆளு சேக்குறாங்க. இந்தோனேசியா மேடானுக்குப் பிளேன்ல ஒரு மணி நேரந்தானாம். கடல் மாதிரி ஏரியாம். எரிமலை வெடிச்சு உண்டானதாம்."

"வெடிச்ச எடத்துக்கு எதுக்குப் போற? திரும்ப வெடிச்சா?"

"எழுபதாயிரம் வருஷமா வெடிக்கல. நீங்க போற அன்னைக்குத்தான் வெடிக்குமா?"

வெடிக்கும். என் ராசி அப்படி. ஆனால் வாதத்தை மாற்றினேன்.

"கடல் தாண்டிப் போய்த்தான் இயற்கையைப் பாக்கணுமா? நம்ம நெகிரி செம்பிலான் மாநிலத்துல இல்லாததா? பெடாஸ்ல வெந்நீர் ஊத்து இருக்கு."

"வெந்நீர் நம்ம வீட்லயே இருக்கு."

"போர்ட்டிக்சன் கடல்?"

"கொடியில துணி காயப்போட்டா அந்தக் கடல் காத்துதான் அடிக்குது. வேற?"

வேறு ஒன்று இருந்தது. கெமாஸ் போகும் சாலையில் உள்ளே தள்ளி, நான் பிறந்து வளர்ந்த புக்கிட் செனாய் தோட்டம். அதன் பின்னால் ஒரு அருவி. பத்து ஆள் உயரம். பன்னிரண்டு வயதில் நான் அதன் உச்சியிலிருந்து தலைகீழாகக் குதித்த கதையைச் சொல்லாமல் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பந்தி முடிந்ததில்லை.

"அந்த அருவிய நீ கண்ணால பாத்தா டோபாவ மறந்துருவ, புஷ்பா."

புஷ்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி, போலாம்லா," என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை, மீகூன் சேமியா கிண்டிப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

தோட்டத்துக்குள் கார் நுழைந்ததும் வழி தெரியவில்லை. ரப்பர்ப் பால்மரங்கள் ஒன்றுகூட இல்லை. எங்கே திரும்பினாலும் செம்பனை. லயத்து வீடுகள் இருந்த இடத்தில் புல். பள்ளிக்கூடத்தில் உர மூட்டைகள். தண்ணீர்த் தொட்டி மட்டும் நாலு கால்களில் நின்றுகொண்டிருந்தது, யாரோ வருவார்கள் என்பதைப் போல.

காரை நிறுத்திவிட்டு நடந்தோம். நான் பேசிக்கொண்டே வந்தேன். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, தண்டவாளத் துண்டில் மணியடிப்பார்கள். வெயில் காலத்தில் ரப்பர்க் காய் டப்பு டப்பென்று வெடித்து, கொட்டை எங்கள் தகரக் கூரையில் விழும். ஞாயிற்றுக்கிழமை எல்லா அப்பாக்களும் அருவிக்கு வருவார்கள். என் அப்பா வாரம் முழுக்க வாய் திறக்காத மனிதர். அங்கே மட்டும் பாட்டுப் பாடுவார். பால் வாடை போகிற வரைக்கும் நான் அவர் முதுகைத் தேய்க்க வேண்டும். போகாது. எங்களுக்கு அதுதான் அப்பா வாசனை.

புஷ்பா கேட்டுக்கொண்டே நடந்து வந்தாள். வழியில் ஒரு இடத்தில் நான் இடது பக்கம் திரும்ப, அவள், "இப்புடி," என்று வலது பக்கம் போனாள். குருட்டு யோகம் என்று நினைத்தேன்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய் நின்றோம்.

"எங்கங்க அருவி?"

"அதான்."

"எது?"

"அந்தா, தண்ணி விழுதே."

"அது விழல. எறங்குது."

என் இடுப்பு உயரம் இருந்தது. எக்கி நின்றால் அதுவும் இல்லை.

"அப்ப பெரிசா இருந்துச்சி. தேஞ்சு போச்சு."

"பாறை தேயுமா?"

"நாப்பத்தொம்பது வருஷம்லா!"

அவள் சிரிக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விட்டாள். சின்ன மீன்கள் வந்து விரலைக் கடித்தன.

"அப்பவும் இவ்வளவுதான். நான் பாத்துருக்கேன்."

"நீயா? எப்ப?"

"எங்கப்பா பக்கத்துத் தோட்டத்துல மண்டோரா இருந்து ஆளுங்கள வேல வாங்கிட்டிருந்தாரே. ஒங்க கோயில் திருவிழாவுக்கு வந்தோம். பொம்பளப் புள்ளைங்கள்லாம் இங்க தண்ணி மொள்ள வந்தோம். பசங்க குதிச்சு ஆட்டம் போட்டாங்க. ஒருத்தன் மட்டும் இந்தப் பாறையில, எல்லாரு சட்டையையும் மடியில வச்சிக்கிட்டு, எறும்பு ஏறாம தட்டிக்கிட்டே இருந்தான்."

நான் மீன்களைப் பார்த்தேன்.

"நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப, அந்த மூஞ்சிதான்னு பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. லாரி ஓட்றவன் வேணாம்னு எங்கம்மா ஒரே புடி. இவருதான் வேணும்னேன்."

"ஏன்?"

"நம்பி சட்டையக் குடுத்துருக்காங்களே, அத்தன பேரு."

கல்யாணமான முப்பத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு பந்தியிலும் நான் தலைகீழாகக் குதித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இவள் பக்கத்தில் நின்று ரசம் ஊற்றியிருக்கிறாள். ஒருமுறைகூட உதடு அசைந்ததில்லை.

அப்பா பாடிய இடத்தைப் பார்த்துக்கொண்டே மீகூனைப் பிரித்துச் சாப்பிட்டோம். பிறகு என் மூளை வேலை செய்தது. என் பயம் அவளுக்குத் தெரியும். அப்படியானால் இனிக் கவலை எதற்கு?

"அப்ப பிளேன் வேணாம்தானே?"

"ஒங்களுக்கு வேணாங்க. நான் வற்புறுத்துவேனா? நானும் விமலா அக்காவும் போறோம். மத்தவங்கல்லாம் ஜோடியா வர்றாங்க. நீங்க வீட்ல இருங்க. அஞ்சு நாளுதான்."

"அஞ்சு நாளா?"

"படகுல போறப்ப வீடியோ கால் போடுறேன். ஏரிக்கரையிலேருந்து ஒங்க நெனப்பா ஒரு கல்லு எடுத்துட்டு வரேன்."

கல். முப்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கல். இவள் சிரித்துக்கொண்டு படகில் போவாள். பக்கத்தில் விமலா உட்கார்ந்திருப்பார். நான் வீட்டில் மெகி மீ கிண்டிக்கொண்டிருப்பேன்.

"நானும் வர்றேன்!"

செம்பனைத் தோப்பில் எதிரொலித்தது. ஒரு பறவை பயந்து எழுந்து பறந்தது.

"பயமில்லையா?"

"எனக்கா? ஹேமநாதனுக்கா?"

சொன்ன மறுகணமே, தப்பிக்க அவசரமாகக் கடைசிக் கதவைத் தட்டினேன். "அட, என் பாஸ்போர்ட் செத்து நாலு வருஷமாச்சே! ஐயோ, பாவம்!"

"போன மாசம் சிரம்பான் ஆபீஸ்ல கட்டைவிரல் வச்சீங்களே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?" புஷ்பா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "வாங்க. டிக்கெட்டும் அப்பவே எடுத்தாச்சு. ஒங்களுக்கு ஜன்னல் சீட்டு."