கோவிந்தசாமி போன் செய்தால் சொல்ல வேண்டியது

திருவந்திபுரம்

அன்புள்ள மச்சான் இளவரசுக்கு,

மாமா ஞானசேகரன் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அக்கா அருள்மொழியும் இப்போது நலம். அந்த ‘இப்போது’வில் நின்று யோசிக்காமல் மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க தேவநாத சுவாமியை வேண்டிக்கொண்டேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நம் வீட்டில் போனில் பேசினால் சமையற்கட்டு வரைக்கும் கேட்கும். இது உன் அக்கா காதில் விழக்கூடாத சங்கதி.

அந்தப் படகை விற்கப் போகிறேன். வண்டிப்பாளையத்திலிருந்து கோவிந்தசாமி என்பவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். படகை எனக்குப் பிடித்துக் கொடுத்தவன் நீ என்று தெரிந்துகொண்டு, உன்னிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவர் கேட்டால், படகு நல்ல படகு, மாமாவுக்கு வயதாகிவிட்டதால் கொடுக்கிறார் என்று சொல்லிவிடு. அதற்கு மேல் எதுவும் பேசி வைக்காதே.

நடந்ததையெல்லாம் உனக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பொறுப்பு உன்னுடையது. ஒரு பணக்காரர் ஆசை தீர்ந்து கழித்துப் போட்ட படகை, மாமாவுக்கு ரிட்டயர்மென்டுக்குப் பிறகு பொழுது போகட்டும் என்று லாரியில் ஏற்றி அனுப்பினாய். எஞ்சின் உள்ளே இருக்கும், கால் மட்டும் பின்பக்கம் தண்ணீரில் தொங்கும், காலின் நுனியில் காத்தாடி, புகையும் அந்தக் கால் வழியாகவே தண்ணீருக்கடியில் போய்விடும் என்றாய். எல்லாம் சரி. கம்மாபுரத்தில் எங்கள் அப்பா ஆயில் எஞ்சினை மழை நாளில்கூட காலையில் கொஞ்ச நேரம் ஓடவிடுவார், சும்மா கிடந்தால் பிடித்துக்கொள்ளும் என்பார். வேளாண்மைத் துறையில் காலமெல்லாம் நானும் விவசாயிகளுக்கு அதையேதான் சொன்னேன். அதனால் தோட்டத்தில் டிரெய்லர் மேல் நின்ற படகை, தினமும் பேப்பர் படித்து முடிக்கிற வரைக்கும் ஓடவிட்டேன். ரப்பர் தீய்கிற வாடை வந்தது. யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து நானும் திட்டினேன். இந்த எஞ்சின் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னையும் புகைக்குழாயையும் குளிர வைத்துக்கொள்ளும், தரையில் ஓட்டினால் குழாயின் ரப்பர் வெந்துபோகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ சொன்னாயா?

அடுத்தது ஆயுத பூசை. டிராக்டருக்குக் கட்டுவது போலப் படகுக்கும் திருஷ்டிக் கயிறு கட்ட வேண்டும் அல்லவா. சுற்றுகிற இடத்தில் கட்டினால்தான் பலிக்கும் என்று காத்தாடியின் கழுத்தில் கட்டினேன், அதுவும் சீக்கிரம் அறுந்துவிடக் கூடாதென்று நைலான் கயிறாகப் பார்த்து. அது உள்ளே சுற்றிக்கொண்டு போய், காலுக்குள் இருக்கிற எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற ரப்பர் வளையத்தை அறுத்துவிட்டது. கிள்ளைக்குக் கொண்டுபோய் உப்பங்கழியில் இறக்கியபோது, தண்ணீர் மேல் எண்ணெய் வானவில் மாதிரி படர்ந்தது. அங்கே மீன்பிடிக்கிற குப்பனைக் கேட்டேன். அவர் தன் வலையைப் பார்த்துக்கொண்டே, பழைய வண்டியென்றால் கொஞ்சம் ஒழுகும், ஊற்றி ஊற்றி ஓட்டுங்கள் என்றார். ஊற்றி ஊற்றி ஓட்டினேன்.

இப்போது கல்யாண நாள் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அருள்மொழியைக் கட்டாயப்படுத்திப் படகில் ஏற்றினேன். அவளுக்குத் தண்ணீரென்றாலே பயம். பின்பக்கம், எஞ்சின் மூடிமேல் மெத்தை போட்ட இடத்தில், அலுங்காமல் குலுங்காமல் இருக்கட்டும் என்று உட்கார வைத்தேன். நான் முன்னால் காற்றில் நின்று ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் தலைவலி என்றாள். வாடைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, முகர்ந்துகொள்ள எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு, அவளைச் சுற்றித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகாதபடி கட்டினேன், இளவரசு.

“ஏங்க, தூக்கம் தூக்கமா வருது. செத்த படுத்துக்கறேன்” என்றாள். தூங்கினால் சரியாகிவிடும் என்று எனக்குச் சந்தோஷம். அவள் தூக்கம் கெடக்கூடாதென்று வேகத்தைக்கூடக் குறைத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் படகின் காலில் இருந்த எண்ணெய் மொத்தமும் தீர்ந்து, பல்சக்கரம் கடகடவென்று கத்திப் பிடித்துக்கொண்டது. எஞ்சினும் நின்றது. படகை எட்டி உதைத்தேன், உன்னைத் திட்டினேன், காலைப் பார்க்கலாம் என்று பின்பக்கம் போய்த் தார்ப்பாயை அவிழ்த்தேன். உள்ளேயிருந்து, வெந்துபோன குழாய் வழியே கசிந்த புகை முகத்தில் அடித்தது. அருள்மொழியைக் கூப்பிட்டேன், உலுக்கினேன். கண்ணே திறக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் குப்பன் வலையை விட்டுவிட்டு வந்து எங்களை இழுத்துக்கொண்டு கரை சேர்த்தார். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் ஜான்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருந்தீங்கன்னா, தூக்கத்துலயே போயிருப்பாங்க சார்” என்றார். எண்ணெய் ஒழுகாமல் இருந்திருந்தால் நான் பிச்சாவரம் வரைக்கும் ஓட்டியிருப்பேன். ஒரு கோளாறு உன் அக்காவைக் கொல்லப் பார்த்தது, இன்னொரு கோளாறு காப்பாற்றியது. இரண்டையும் உண்டாக்கியவன் யார் என்கிற ஆராய்ச்சியில் நாம் இறங்க வேண்டாம்.

பல்சக்கரத்தையும் வளையத்தையும் மாற்றியாகிவிட்டது. புகைக்குழாய்க்கு இந்தப் பக்கம் ரப்பர் கிடைக்கவில்லை. வெந்த இடத்தில் எம்-சீல் அப்பி, துணி சுற்றி, மேலே பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கிறது. கோவிந்தசாமிக்குப் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். அதை நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதே. நன்றாக யோசித்து, குழந்தைகள் எப்போதும் முன்னால்தான் உட்காருவார்கள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்தச் சனியன் வீட்டை விட்டுப் போனால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உனக்கும் கனிமொழிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். நோய்நொடி இல்லாமல் இருங்கள். படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
மாமா ஞானசேகரன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் கோவிந்தசாமி சனிக்கிழமையே வந்துவிட்டார், பேரப்பிள்ளைகளோடு. படகின் காலைத் தண்ணீர் டிரம்மில் முக்கி எஞ்சினைப் போட்டுக் காட்டினேன். நன்றாகத்தான் ஓடியது. பிள்ளைகள் இரண்டும் நேராகப் பின்பக்கம் போய் அந்த மெத்தைமேல் ஏறிப் படுத்துக்கொண்டன. கோவிந்தசாமி என்னைக் கேட்கவில்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்த உன் அக்காவைப் பார்த்து, “நீங்க போயிருக்கீங்களாம்மா, எப்டி?” என்று கேட்டார். அருள்மொழி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “போயிருக்கேங்க. நல்லாத் தூக்கம் வரும்” என்றாள்.

ஓடிப்போய் எஞ்சினை நிறுத்திப் பிள்ளைகளைக் கீழே இறக்கிவிட்டு, உனக்கு எழுதிய அத்தனையையும் அவரிடம் சொன்னேன். அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆகவே அவர் போன் செய்ய மாட்டார். வேறு யார் செய்தாலும் உள்ளதைச் சொல். குப்பனிடம் எஞ்சினைக் கழற்றிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் காப்பி கொடுக்கும்போதுதான் உன் அக்கா என்னிடம் பேசினாள். “நீங்க மட்டும் சொல்லாம உட்டிருந்தா, நைட்டு பஸ்சுக்குத் தம்பி வூட்டுக்குக் கெளம்பியிருப்பேன்” என்றாள். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்து அறைக்குள் போய்ப் பார்த்தேன். பை கட்டித்தான் வைத்திருக்கிறாள். இன்னும் பிரிக்கவில்லை.