இளைப்பு இல்லாத வீடு

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மணப்பாறை பஸ்ஸை விட்டு எறங்கிட்டாங்களாம். இப்பப் போயி மூச்சு இழுக்குறீங்களே!” ரெங்கம்மாள் புருஷனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

காத்தமுத்து வேண்டுமென்றா இழுத்தார்? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் தூசியில் வீங்கிக் கிடக்கும் மூச்சுக்குழாய், பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அடங்கிவிடுமா? காட்டூர்ச் சம்பந்தம் இந்த இளைப்பால்தான் முறிந்தது. “பரம்பரை வியாதி, பொண்ணுக்கும் வரும்” என்று சொல்லிப் போனார்கள். மகள் ராசாத்தி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

டாக்டர் ஒன்று போடச் சொன்ன இளைப்பு மாத்திரையை அவர் இரண்டாகப் போட்டார். மூச்சு வந்தது. கூடவே படபடப்பும் கை உதறலும் வந்தன. ராசாத்தி ஒத்திகைக்குக் கொண்டுவந்து கொடுத்த காப்பி பாதி வேட்டியில் போயிற்று.

பக்கத்து வீட்டு பரக்கத் அலி எட்டிப் பார்த்தார். “படபடப்பா? இந்தாங்க, என் நெஞ்சு மாத்திரை. சீமையிலேருந்து புதுசா வந்தது. ஒடனே கேக்கும்!”

ஆஸ்பத்திரியில் காத்து நிற்பானேன் என்று அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடுவது ரயில்வே குவார்ட்டர்ஸ் வழக்கம். காத்தமுத்துவும் போட்டுக்கொண்டார்.

நெஞ்சின் செல்களிலும் மூச்சுக்குழாய்ச் செல்களிலும் ஏற்பி என்று ஏறக்குறைய ஒரே சாதிப் பூட்டு உண்டு. முதல் மாத்திரை திறந்த பூட்டை இரண்டாவது போய் அடைத்தது. பாவி மனிதருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

விருந்தாளிகள் பாயில் உட்கார்ந்தபோது படபடப்பு அடங்கியிருந்தது. மூச்சும் அடங்கிக்கொண்டிருந்தது. காத்தமுத்து முகம் கறுத்து, கண் பிதுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். பெண்ணைப் பெற்றவன் மூச்சைக்கூடத் திருட்டுத்தனமாக விடவேண்டியிருக்கிறது. என்ன பிழைப்பு இது!

மாப்பிள்ளையின் அப்பா பிச்சமுத்து பதறினார். “என்னங்க செய்யுது? இளைப்பு கிளைப்பு உண்டுங்களா?”

“இளைப்பா? எங்க பரம்பரையிலேயே... கெடையாதுங்க.” வேறு என்ன சொல்வது? குடி பரம்பரை வியாதியில்லை என்று அந்த நேரத்தில் அவருக்குப் பட்டது. “காலையில... கொஞ்சம் சாராயம்... போட்டுட்டேன்.”

மதுவிலக்குக் காலம். பிச்சமுத்து கொண்டுவந்த பூ, பழத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவுக்குப் பின்னால் ராசாத்தி விசும்புவது எல்லோருக்கும் கேட்டது.

கடைசியாக வெளியேறிய மாப்பிள்ளையின் சின்னம்மா, ரெங்கம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கலாய்த்தாள்.

“எங்க பையனுக்கே இளைப்புதாம்மா. இளைப்புக்காரர் வீடுன்னு கேள்விப்பட்டுத்தான் ஆசையா ஓடி வந்தோம்!”