மாப்பிள்ளை தூங்கும் நேரம்

"யா...ரு?"

மறுமுனையில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல். தையல்காரர் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"மாமா பேசுறேன் மாப்பிள்ளை. தூங்கிட்டிருந்தீங்களா?"

"இ...ல்ல மாமா, சொல்லுங்க." அந்த 'இல்ல'யில் முக்கால்வாசி கொட்டாவி.

என்னவோ உளறிவிட்டு போனை வைத்தார். சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று இந்த ஊருக்கு, இன்னொன்று மகள் வாழ்க்கைப்பட்ட ஊருக்கு. இங்கே மாலை ஏழு, அங்கே காலை பத்து.

"பத்து மணிக்கு யாராவது தூங்குவாங்களா?"

"கூட்டுறதுக்குப் பதிலா கழிச்சிருப்பீங்க," என்றாள் மனைவி. "ஒரே சட்டைக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டைன்னு தைச்ச ஆள்தானே!"

புது மாப்பிள்ளை. மன்னிப்புக் கேட்காவிட்டால் மனசு ஆறாது. மறுநாள் உஷாராக, அங்கே உச்சி வெயில் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மாமா... யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. நேத்து எழுப்பிட்டேன்ல, மன்னிப்புக் கேட்கலாம்னு..."

மறுமுனையில் ஏதோ முனகல் மட்டும் கேட்டது.

"அப்ப இன்னிக்கும் எழுப்பிட்டேனா?"

பதிலுக்குக் குறட்டை வந்தது.

அடுத்த நாள் காலை கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது மகளே கூப்பிட்டாள். பெற்ற மனசு குளிர்வதற்குள் அவருக்கு அந்த ஊர்க் கணக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

"அங்க நடுராத்திரிம்மா! போய்ப் படு!" வைத்துவிட்டார்.

மறுபடி மணியடித்தது. "அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம் கே..."

"எதுவா இருந்தாலும் விடிஞ்சு பேசிக்கலாம். தூக்கம் கெட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

பாசம் பொங்கி, போனை அணைத்தே வைத்துவிட்டார்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். பகலில் குறட்டை, நடுராத்திரியில் போன். என்ன குடித்தனம் இது? இந்த ஊரில் ஐந்து மணிக்கே கடைக்கதவுகள் தடதடக்கும். ஆறு மணிக்கு மேல் படுத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் "காய்ச்சலா?" என்று கேட்பார்.

"அது குளிர் ஊருங்க. அங்க சூரியனே எட்டு மணிக்குத்தான் எழுந்திருக்குமாம்," என்றாள் மனைவி.

"சூரியனுக்கு என்ன, பெண்டாட்டியா பிள்ளையா? மாப்பிள்ளைக்குமா தூக்கம்?"

அவள் குரல் இறங்கியது. "வேலை போயிருக்குமோ? வேலை போனவங்கதான் ராத்திரி முழிச்சுக் கிடந்துட்டு பகல்ல படுத்திருப்பாங்க. அதைச் சொல்லத்தான் பாப்பா கூப்பிட்டிருக்கா. நீங்க வாயைத் திறக்க விட்டீங்களா?"

தையல்காரர் வாடிக்கையாளரின் கால்சட்டையை அரைக்கால் சட்டையாக வெட்டிவிட்டார்.

மகள் ஊருக்குப் பக்கத்து ஊரில்தான் மனைவியின் தம்பி இருந்தான். உடனே அவனைப் பிடித்தார்.

"பட்டப்பகல்ல போய்ப் பாரு. நான் அனுப்பினேன்னு மட்டும் தெரியக்கூடாது."

மறுநாள் மைத்துனன் போய்ச் சேர்ந்த நேரத்தில் கணவனும் மனைவியும் இங்கே போனை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மணி அடித்தது.

"அத்தான், நல்ல வெயில். ஆனா எல்லா ஜன்னலுக்கும் திரை போட்டிருக்கு. மணியடிச்சா யாரும் வரல."

"ஜன்னலைத் தட்டு!"

தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பலமாகத் தட்டும் சத்தம். பிறகு யாரோ அதட்டும் சத்தம்.

"அத்தான், உங்க நேரமா என் நேரமா தெரியல, எதிர்வீட்டுக்காரங்க போலீஸைக் கூப்பிட்டுட்டாங்க!"

இணைப்பு அறுந்தது. மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "மகளை அனுப்பினது பத்தாதுன்னு தம்பியையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டீங்களே!"

ஒரு யுகம் கழித்து மறுபடி மணி.

"மாப்பிள்ளை போர்வையோட ஓடி வந்து என்னை மீட்டுட்டார் அத்தான். வீட்டுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கேன்."

"மறைக்காம சொல்லுடா. வேலை போயிடுச்சா?"

"வேலை பத்திரமா இருக்கு. அப்பா முழிச்சிருக்கிறப்ப பேச முடியலையேன்னு உங்க பொண்ணு அழுதாளாம். அதுக்காக மாப்பிள்ளை ராத்திரி ஷிஃப்ட் கேட்டு வாங்கி, ஒரு வாரமா உங்க பகல்தான் அத்தான் இவங்களுக்கும் பகல்!"