போத்தலில் அடைத்த லண்டன் காற்று

கொட்டாஞ்சேனையில் டென்னிஸ் மட்டையைத் தொட்டுப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. அதனால் என்ன? யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் ஜூலை மாதத்தில், ஒரு கிழமை முழுக்க, திங்கள் முதல் சனி வரை, ஜம்பட்டா வீதியில் டென்னிஸ்தான் பேச்சு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் அதைக் கதைத்தான். ஒருகொடவத்தையில் லொறி ஓட்டுகிறவன் அதைக் கதைத்தான். மீன்காரி பாரை மீனின் தலையை வெட்டிக்கொண்டே, "இன்டைக்கு ஹார்கிரேவ் வெல்லுவானோ?" என்று கேட்டாள். ஹார்கிரேவ் என்பவன் கறுப்பா சிவப்பா என்று அவளுக்குத் தெரியாது. அக்கறை மட்டும் நிறைய இருந்தது.

சீமையில் வருஷா வருஷம் நடக்கிற பெரிய போட்டி அது. அதன் வர்ணனையைக் கொழும்பு வானொலி நிலையம் தினமும் பின்னேரம் ஐந்து மணிக்குப் போட்டது. மஹ்ரூப் நானாவின் தேத்தண்ணிக் கடை வாசலில் ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தது. கேட்பதற்குக் காசில்லை. சும்மா வருகிறது என்றால் நம்மவர் வராமல் இருப்பார்களா? தெரு நிறைந்தது.

ஆனால் ஒலிபெருக்கியைப் பார்க்க வந்த கூட்டமல்ல அது. அதன் கீழே, ஒரு மேசைமேல், புலித்தோல் விரித்து உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்க வந்த கூட்டம்.

புரொபெசர் காற்றானந்தர். எந்தக் கல்லூரியில் புரொபெசர் என்று எவரும் கேட்கவில்லை. தலையில் காவித் தலைப்பாகை, கழுத்தில் ருத்திராட்சம், அதற்கு மேலே ஒரு நெக்டை. வேதக்காரரான கிறிஸ்தவர், சைவர், முஸ்லிம்கள் மூவருக்கும் தாம் பொது என்று சொல்லிக்கொண்டார். மூவரிடமும் வாங்கினார். அந்த மட்டில் பொதுதான்.

அவருடைய வித்தை இதுதான். தினமும் நாலே முக்காலுக்கு ஒரு சிலேற்றில் அன்றைக்கு வெல்லப்போகிறவனின் பெயரை எழுதுவார். அதைச் சிவப்புத் துணியால் மூடி, லொறி டிறைவர் ஹுசைனின் கையில் கொடுப்பார். பிறகு ஆட்டம். ஒலிபெருக்கியில் வெள்ளைக்காரன் மூச்சுவிடாமல் கதைப்பான். கைதட்டல் கேட்கும். ஆட்டம் முடிந்ததும் ஹுசைன் துணியை நீக்குவான். சிலேற்றில் வென்றவனின் பெயர் இருக்கும். திங்கள் சரி. செவ்வாய் சரி. புதன் சரி. லண்டனில் பந்து பறப்பதற்கு முன்னமே கொட்டாஞ்சேனையில் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. இந்த அதிசயத்தை என்னவென்று சொல்வது?

வித்தைக்கு மூன்று சட்டங்கள் இருந்தன. முதலாவது, ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் புரொபெசர் வெண்கல மணியை எடுத்து அடிப்பார். இரண்டு நிமிஷம் விடாமல் அடிப்பார். வானலையில் உள்ள அழுக்கு போகவேண்டுமாம். இரண்டாவது, மணியை ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் அடிக்கலாம். மறுதரம் அடித்தால் அலை உடைந்துபோகும். செவ்வாய்க்கிழமை யாரோ ஒருத்தன் விளையாட்டாக மணியைத் தொட்டுவிட்டு அவரிடம் வாங்கிய ஏச்சைத் தெருவே கேட்டது. மூன்றாவது சட்டம்தான் கொஞ்சம் விசேஷம். போட்டி முடியும்வரை, நம்புகிறவர்கள் எவரும் பத்திரிகை படிக்கக்கூடாது. அச்சு மையின் வாடை அலையைக் கெடுக்குமாம்.

ஆகவே கொட்டாஞ்சேனை பேப்பர் விரதம் இருந்தது. மாமிசம் விட்டு விரதம் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். எழுத்தை விட்டு விரதம் இருந்த ஊர் இது ஒன்றுதான். பேப்பர்க்காரன் தெருவுக்குள் வந்தால் பெண்கள் கதவைச் சாத்தினார்கள்.

விரதத்துக்குப் பலன் வேண்டாமா? ஆட்டம் முடிந்ததும் புரொபெசர் போத்தல் விற்றார். சின்ன மருந்துப் போத்தல். மேலே தக்கை, தக்கைக்கு மேலே அரக்கு. உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று நானும் நீங்களும் சொல்வோம். உள்ளே இருப்பது லண்டன் காற்று என்று அவர் சொன்னார். அதைத் தலைமாட்டில் வைத்தால் வருத்தம் தீரும், வழக்கு வெல்லும். போத்தல் இரண்டு ரூபாய். எங்கள் சனம் வரிசையில் நின்று வாங்கியது.

வெள்ளைக்காரனின் வர்ணனையைத் தமிழில் சொல்லும் வேலை சவுந்தரநாயகத்துக்கு. கப்பல் கந்தோரில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். ஒலிபெருக்கி ஒரு வசனம் சொல்லும். அவர் கதிரையில் ஏறி நின்று அதைத் தமிழாக்குவார். முப்பது வருஷத்தில் ஒருவரும் அவருடைய இங்கிலீசை இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. மனுஷன் பூரித்துப்போனார்.

அவருடைய ஒரே மகள் பிறிஜெற். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டர். அந்த உத்தியோகத்துக்காக இரண்டு வருஷம் முயன்று, சோதனை பாஸ் பண்ணிப் போனவள். மாசம் முடிந்தால் தன் கையால் சம்பளம் எடுப்பவள். உலகத்தின் எந்த மூலையில் இப்போது எத்தனை மணி என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் கடை வாசலில் நின்று வர்ணனை கேட்டாள். ஒலிபெருக்கி சொன்னதைத் தகப்பனார் தமிழாக்கினார்: "லண்டனில் மணி ஆறாகிறது. மைதானத்தில் நிழல் நீண்டுவிட்டது."

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "பப்பா, இங்க அஞ்சரை மணியெண்டால் லண்டனில மத்தியானம் ஒரு மணி. அவங்கள் சாப்பிடுற நேரம். நிழல் எப்பிடி நீளும்?"

சவுந்தரநாயகம் யோசித்தார். ஆனால் தம்முடைய மூளையால் யோசிக்கவில்லை. அடுத்த நாள் புரொபெசரிடம் போய்க் கேட்டார்.

புரொபெசர் கண்ணை மூடினார். நெக்டையைத் தடவினார். "கிளாக்கர் ஐயா, உங்கட மகளின்ர காதுக்குள்ள கம்பி அலை ஏறியிட்டுது. நாள் முழுக்கக் காதில கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை. இப்ப மணி குழம்புது. ஆறு மாசத்தில காது போகும். அதுக்குப் பிறகு புத்தி போகும். இந்தக் கிழமையே வேலையை விடுவியுங்கோ."

கேள்வி கேட்டவளுக்குப் பைத்தியம் வரப்போகிறதாம். நம் நாட்டில் கேள்விக்கு இதுதான் பழைய மருந்து. சவுந்தரநாயகம் அன்றிரவே நல்ல இங்கிலீசில் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதினார். மகளின் பெயரில்.

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றாள் பிறிஜெற்.

"நான் கொண்டுபோய் பெரியதுரையிட்ட கதைப்பன். சனிக்கிழமை இறுதியாட்டம். புரொபெசர் எழுதுற பேர் அதிலயும் சரிவந்தால், திங்கட்கிழமை நீ வேலைக்குப் போகமாட்டாய். அவ்வளவுதான்."

"பேர் பிழையா வந்தால்?"

"பிழைக்காது."

அவளுக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிடக் கூடுதலாக வந்தது.

வியாழக்கிழமை எக்ஸ்சேஞ்சில், மேற்பார்வை அம்மாளின் அறையில் ஐந்து மணிக்கு றேடியோ பாடிக்கொண்டிருந்தது. அங்கே வெண்கல மணி அடிக்க ஆளில்லை. ஆகவே அறிவிப்பாளர் சொன்ன முதல் வசனம் அவள் காதில் சுத்தமாக விழுந்தது. நேற்று லண்டனில் ஆடி முடிந்த ஆட்டத்தின் வர்ணனையை ஒலித்தட்டில் பதிந்து வைத்து இன்றைக்குப் போடுகிறார்கள். நிலையம் அதை ஒளிக்கவில்லை. தினமும் ஐந்து மணிக்கு நேர்மையாகச் சொல்லித்தான் தொடங்குகிறது. அந்த ஒரு வசனத்தின்மேல்தான் கொட்டாஞ்சேனையில் மணி அடித்தார்கள். அம்மாளின் மேசையில் அன்றைய காலைப் பத்திரிகையும் கிடந்தது. எட்டாம் பக்கத்தில், கோழித்தீன் விளம்பரத்துக்குப் பக்கத்தில், வென்றவனின் பெயர்.

பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "பப்பா, இதைப் பாருங்கோ. பின்னேரம் சிலேற்றில வாற பேர் காலமையே இதில கிடக்கு."

சவுந்தரநாயகம் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். "எடு அங்கால. என்ர விரதம் கலையப்போகுது."

"ஒரு வரிதான் பப்பா."

"எடு எண்டு சொன்னனான்."

கப்பல் கந்தோரில் முப்பது வருஷம் ஒரு காகிதத்தையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காத மனுஷன். பிறிஜெற் பேப்பரை மடித்து வைத்தாள். கண்ணைத் திறக்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது. காது மட்டும் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. மத்தியானம் நேரே மஹ்ரூப் நானாவின் கடைக்குப் போனாள். சுவரில் பெரிய மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. புரொபெசர் தினமும் அதைப் பார்த்துத்தான் மணி அடிப்பார். தாம் காலத்தைக் கடந்தவர் என்று சொல்லிவிட்டபடியால், கையில் மணிக்கூடு கட்ட அவருக்கு வழியில்லை.

"நானா, ஒரு உதவி. உங்கட மணிக்கூட்டை மூண்டு நிமிஷம் முன்னுக்குத் தள்ளிவிடுங்கோ. இண்டைக்கு மட்டும்."

மஹ்ரூப் நானா கிளாசைத் துடைத்தபடி அவளைப் பார்த்தார். "ஏன் மகள்?"

"அந்தச் சாமி எந்த வசனத்துக்கு மணி அடிக்கிறார் எண்டு எல்லாரும் கேட்கட்டும். வேற ஒண்டும் செய்யவேண்டாம்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார். அந்தக் கிழமை போல் அவருக்கு ஒரு நாளும் தேத்தண்ணி ஓடியதில்லை. பிறகு சொன்னார்: "வீட்டில என்ட பொஞ்சாதி ஜவாஹிறா ரெண்டு போத்தல் வாங்கி வெச்சிரிக்கா. காத்து வெளிய போயிருமாம், ஜன்னலைத் திறக்க வுடுறா இல்ல. நாலு நாளா வேர்த்து ஊத்துது." ஸ்டூலைப் போட்டு ஏறினார். "எனக்கும் ஒரு சந்தேகம் இரிக்கி மகள். காலத்தைக் கடந்த மனுசன் என்னத்துக்கு என்ட மணிக்கூட்டையே பாத்துக்கிட்டு இரிக்கிற?"

நாலே முக்காலுக்குத் தெருவில் எள் போட இடமில்லை. ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்திருந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து ரயில் ஏறியும் வந்திருந்தார்கள். புரொபெசர் சிலேற்றில் எழுதினார், துணியால் மூடினார், ஹுசைனிடம் கொடுத்தார். சவுந்தரநாயகம் கதிரையில் ஏறினார். அவருடைய சட்டைப் பையில் அந்தக் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. பிறிஜெற் முன்வரிசையில் நின்றாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

சுவர் மணிக்கூட்டில் ஐந்துக்கு ஒரு நிமிஷம். புரொபெசர் மணியை எடுத்தார். டாண், டாண், டாண். இரண்டு நிமிஷம் அடித்து ஓய்ந்தார். சனம் கைகூப்பியது.

ஒலிபெருக்கியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தது.

புரொபெசர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து ஒன்று. ஒலிபெருக்கியைப் பார்த்தார். பியானோ. மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தார். காலத்தைக் கடந்தவரின் நெற்றியில் வேர்வை பூத்தது. கை மெல்ல மணியை நோக்கிப் போனது.

"சாமி," என்றாள் பிறிஜெற், எல்லாருக்கும் கேட்க. "மறுதரம் அடிச்சால் அலை உடைஞ்சுபோகும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம், ஓம், அடிக்கவேண்டாம் சாமி," என்றது கூட்டம். ஹுசைன் பக்தியோடு மணியை எடுத்துத் தன் கக்கத்தில் பத்திரப்படுத்தினான்.

"இன்டைக்கு அலை சரியில்லை. றேடியோவை நிப்பாட்டுங்கோ," என்றார் புரொபெசர்.

"இறுதியாட்டம் சாமி. நிப்பாட்டினா சனம் என்ட கடையை உடைச்சிப் போடும்," என்றார் மஹ்ரூப் நானா, கிளாசைத் துடைத்தபடி.

பியானோ நின்றது. அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். சவுந்தரநாயகத்துக்கு வசனம் காதில் விழுந்தால் போதும், வாய் தானாகத் தமிழாக்கும். கம்பீரமாகத் தொடங்கினார்: "இது கொழும்பு. நேற்று லண்டன் நகரத்தில் ஆடி முடிந்த இறுதியாட்டத்தைத் தட்டில் பதிந்து, இப்பொழுது உங்களுக்கு..."

அந்த இடத்தில் அவருடைய காதுக்கு அவருடைய சத்தமே கேட்டது. வாய் திறந்தபடி நின்றது.

"நேத்தா?" என்றான் ஹுசைன். "நேத்து முடிஞ்ச ஆட்டத்துக்கா இன்டைக்கு சாஸ்திரம் சொல்ற?"

பிறிஜெற் கைப்பைக்குள் இருந்து அன்றைய பேப்பரை எடுத்து, எட்டாம் பக்கத்தைத் திருப்பி, தகப்பனார் கையில் கொடுத்தாள். இந்தத் தரம் அவர் கண்ணை மூடவில்லை. "ஹார்கிரேவ் சாம்பியன்," என்று மெல்ல வாசித்தார். ஹுசைன் சிவப்புத் துணியை நீக்கினான். ஹார்கிரேவ்.

"அதுதானே சொன்னனான்," என்றார் புரொபெசர். தைரியமான ஆள். "சரியாத்தானே வந்திருக்கு."

சனம் அவரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் சனத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. இன்னும் இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் சிலபேர் "சரிதானே" என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். அதற்குள் மஹ்ரூப் நானா வந்து புலித்தோலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கீழே ஆறு நாள் பேப்பர், நாலாக மடித்தபடி, எட்டாம் பக்கம் மேலே தெரிய. அச்சு மை ஆகாத சாமி ஒரு கிழமையாக அச்சு மையின்மேல்தான் குந்தியிருந்திருக்கிறார்.

புரொபெசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் போய்வருவதாகச் சொன்னார். போனார். இன்னும் வரவில்லை. துரத்திப் போன ஹுசைனுக்கு அகப்பட்டது நெக்டை மட்டும்.

தெருவில் போத்தல்கள் உடைந்தன. சிலர் உடைக்கவில்லை. ஒருவேளை உள்ளே ஏதாவது இருந்தால் என்று வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நான் என்ன எழுதினாலும் பிரயோசனமில்லை.

சவுந்தரநாயகம் கதிரையை விட்டு இறங்கினார். பையிலிருந்த கடிதத்தை எடுத்தார். எட்டாகக் கிழித்தார். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாயிருந்தது. "இதை முதலே எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே, பிள்ளை," என்றார்.

"சொன்னனான் பப்பா. பேப்பரையே கொண்டுவந்து காட்டினனான். நீங்கள்தான் கண்ணை மூடினனீங்கள்."

திங்கட்கிழமை காலை, சவுந்தரநாயகம் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு டிராம் வரும்வரை கூட நின்றார்.

அந்த ஒரு கிழமையும் உண்மை, பேப்பர்க்காரன் கையில், சந்திக்குச் சந்தி பத்துச் சதத்துக்கு விற்றது. வாங்க ஆளில்லை. பொய் இரண்டு ரூபாய், அதற்கு வரிசை. ஐயா, அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: இதைப் பார்க்காதே, அதைப் படிக்காதே என்று ஒருவன் உங்களுக்குச் சொல்கிறானா? நல்லது. முதலில் அதைத்தான் வாங்கிப் படியுங்கள்.