மேனுவல் அக்கா லீவு போட்ட கதை

கம்பெனி இன்ஜினியர்களைக் கண்ணீர் விடவைத்த அரசு ஊழியர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மேனுவல் அக்கா.

கோவைக்குப் பக்கத்து நகராட்சி ஒன்றில் நான் வரிப்பிரிவு கிளார்க்காக இருந்தபோது, ஊரை ஸ்மார்ட் ஆக்கப் புறப்பட்டார்கள். எந்த வார்டுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்பதை இனி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். அதை ஓட்டுவதற்குக் கம்பெனி ஆட்கள் வந்து மாடியில் உட்கார்ந்தார்கள். கூடவே வந்த தடிமனான மேனுவலின் மேல் நாங்கள் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டோம். டைப்பிஸ்ட்டான அக்கா மட்டும் அதைப் பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸில் தொடர்கதை மாதிரி படித்துக்கொண்டு போவார்; பெயர் அப்படி வந்ததுதான்.

படித்ததோடு விட்டாரா? “ஏனுங் கண்ணு, இந்த வயரு எதுக்கு? இதைப் புடுங்கிப்போட்டா என்னாகுமுங்க?” என்று துளைத்தெடுத்தார். இன்ஜினியர்கள் பாத்ரூமில் ஒளிந்தார்கள். அக்கா வாசலில் நோட்டோடு காத்திருந்தார். பெருந்துறையில் ஒரு இன்ஜினியருக்குக் கல்யாணம். மேடையேறி ஆசீர்வதித்த கையோடு, “அந்த மோட்டார் பாஸ்வேர்டை எப்படி மாத்தறதுங்க கண்ணு?” என்றார். ஆல்பத்தில் மாப்பிள்ளை கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருப்பார். மணப்பெண்ணும் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு கற்றுக்கொண்டவரை என்ன செய்வோம்? பிறப்பு இறப்புப் பிரிவுக்கு மாற்றினோம்.

ஒப்பந்தம் முடிந்து கம்பெனி கிளம்பிய மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் திரை இருண்டது. பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்றது கம்பெனி. ஆபீஸ் வாசலில் காலிக் குடங்களோடு கூட்டம். கமிஷனருக்கு முகம் வெளிறிவிட்டது. நான் அக்காவைத் தேடிக் கீழே ஓடினேன்.

“இந்தக் கொழந்தையோட சர்டிபிகேட்டை முடிச்சுப்போட்டு வாரேனுங்க தம்பி,” என்றார். முடித்துவிட்டுத்தான் வந்தார்.

மாடியேறி நோட்டைப் பிரித்தார். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வயராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு திரை உயிர்பெற்றது. தெருக் குழாய்கள் காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டன.

“உங்களுக்கு என்னம்மா வேணும்?” என்றார் கமிஷனர்.

“என்ற கூட நம்ம ஆளுக மூணு பேரை உக்கார வையுங்க சார். அவங்களை வேற எங்கயும் மாத்திப்போடாதீங்க. நான் லீவு போடோணும்.”

அந்த மூவரில் நானும் ஒருவன். அக்கா ஏதாவது ஒரு வயரைத் திருட்டுத்தனமாகப் பிடுங்கிவிட்டு, “நான் இல்லைன்னு நெனச்சுக்கங்க,” என்று டீ குடிக்க உட்கார்ந்துவிடுவார். நாங்கள் மேசைக்கடியில் தவழ்வோம். எட்டு மாதம் தவழ்ந்தோம்.

ஒருவழியாகப் பத்து நாள் லீவு போட்டு, பவானியில் மகள் வீட்டுக்குப் போனார். இரண்டாம் நாளே திரை இருண்டது. மூன்று பேரும் சண்டை போட்டு, நோட்டைப் புரட்டி, மறுபடி சண்டை போட்டு, மதியத்துக்குள் சரிசெய்துவிட்டோம். எல்லா வார்டுக்கும் தண்ணீர் போனது.

அக்காவைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும், இதைச் சொல்வதற்காகவே சாயங்காலம் போனில் கூப்பிட்டேன்.